என் ரசனைக்கு ஒரு நிலப்படம்: ஒரு நிகழ்வு ஆய்வு

"உனக்கு எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று தோழி கேட்டாள். "நல்லா எழுதியிருந்தா எதுவும் பிடிக்கும்" என்றேன். பதிலில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு அவளால் ஒரு புத்தகம்கூட எடுக்க முடியாது. அது எனக்கே உறைத்ததால், துருவப் பயணங்கள் பிடிக்கும், அண்டார்டிகா பற்றி எது கிடைத்தாலும் விடமாட்டேன் என்று சேர்த்துச் சொன்னேன். அடுத்த மாதம் மலையேற்றம் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பனி, உயிராபத்து, கயிறு அறுந்து தொங்கும் மனிதர்கள் என்று எல்லாமே இருந்தும் நான் 60 பக்கத்தைத் தாண்டவில்லை. இரண்டாவதாக ஒரு கடற்போர் வரலாறு வந்தது, அதுவும் பாதியில் நின்றது.

மறைக்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். "நீ சொன்னதை வச்சுத்தானே எடுத்தேன்?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் தேர்வில் ஒரு குறையும் இல்லை, நான் கொடுத்த விலாசம்தான் தப்பு. அப்புறம் அவள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் இந்த எட்டு மாத வேலை தொடங்கியது: "சொல்ல வரலைன்னா வரைஞ்சு காட்டேன்."

என் வாசிப்பு ரசனையைப் படமாக வரைய எடுத்த முயற்சிகள், அவை எங்கே எப்படி உடைந்தன, கடைசியில் எது நின்றது, அதை வைத்து அவள் மூன்றாவது புத்தகத்தை எப்படி எடுத்தாள் என்பதையெல்லாம் இங்கே விவரமாக எழுதுகிறேன். ஒரே ஒரு வாசகரின் கதைதான், ஆனால் "உனக்கு என்ன பிடிக்கும்" என்ற கேள்விக்கு முன்னால் திகைத்து நின்ற யாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

கையில் என்ன இருந்தது

ஒரு நோட்டு இருந்தது. நான்கு வருடமாகப் படித்ததையெல்லாம் அதில் குறித்து வைக்கிறேன். தேதி, தலைப்பு, முடித்தேனா இல்லையா, அவ்வளவுதான், கருத்தெல்லாம் எழுதுவதில்லை. ஆனால் ஒரு பழக்கம் உண்டு: முடித்த புத்தகத்தை வேறொரு நாள் நானாகவே மறுபடி எடுத்துப் புரட்டினால், அந்த வரியின் ஓரத்தில் ஒரு சின்ன டிக் போட்டு மாதத்தையும் எழுதுவேன். ஏன் அப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. இந்த முழு ஆய்வும் அந்த டிக்குகளால்தான் சாத்தியமானது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் 143 புத்தகங்கள். அவற்றில் 22 பாதியில் வைத்தவை. ஒரு டிக்காவது விழுந்தவை 31. மூன்றோ அதற்கு மேலோ விழுந்தவை வெறும் 9.

வட்டம்

முதலில் கைக்கு வந்தது எல்லோருக்கும் தெரிந்த வட்டப் படம்தான், ஒரு முழு வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு காட்டுகிற படம். வில்லியம் ப்ளேஃபேர் 1801இல் அச்சில் கொண்டுவந்தது, அன்றிலிருந்து இன்றுவரை எதைப் பங்கு பிரிப்பதென்றாலும் நம் கை அதைத்தான் தேடுகிறது. நாவல், வரலாறு, அறிவியல், கவிதை, வாழ்க்கை வரலாறு என்று பிரித்து வண்ணம் அடித்தேன். பாதி வட்டத்துக்கு மேல் நாவல். சரி, நான் நாவல் வாசகர்தான் போலிருக்கிறது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்த 9 புத்தகங்களைப் பார்த்தேன். அவற்றில் நாவல் இரண்டே இரண்டு. என் வீட்டுக்குள் எது எவ்வளவு வந்தது என்பதை வட்டம் சரியாகத்தான் எண்ணியிருந்தது, வந்ததில் எது தங்கியது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. நாவலை நான் நிறைய படிக்கிறேன் என்பதும், நாவல் எனக்கு நெருக்கம் என்பதும் ஒன்று என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு என்று ஓரத்து டிக்குகள்தான் காட்டிக்கொடுத்தன.

வெட்டும் வட்டங்கள்

அடுத்து வென்படம். பள்ளியில் கணக்குப் பாடத்தில் போட்ட அதே படம், ஜான் வென் 1880இல் முன்வைத்தது. பயணம் ஒரு வட்டம், அறிவியல் ஒரு வட்டம், தனிமனிதக் கதை ஒரு வட்டம், மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதிதான் நான் என்று வரைந்தபோது படம் அழகாகவே இருந்தது. ஆனால் மூன்றோடு எந்த ரசனை நிற்கும்? கடிதங்கள், நாட்குறிப்புகள் என்று நான்காவது ஒன்றைச் சேர்க்கப் போனால் வட்டங்கள் ஒத்துழைக்கவில்லை. நான்கு தொகுதிகளுக்கு உள்ளும் புறமுமாக 16 பகுதிகள் வேண்டும், நான்கு வட்டங்களை எப்படிப் போட்டு வெட்டினாலும் 14க்கு மேல் வராது. வென்னுக்கே இது தெரியும், அதனால்தான் நான்குக்கு அவர் நீள்வட்டங்களுக்குப் போனார். ஐந்து என்றால் 32 பகுதிகள், அதை யாராலும் ஒரு பார்வையில் படிக்க முடியாது.

ஆனால் நான் இந்தப் படத்தைக் கைவிட்டதற்கு அது காரணம் இல்லை. அடிப்படையிலேயே ஒரு பொய் இருந்தது. எல்லா வட்டமும் சந்திக்கிற நடுவில் விழும் புத்தகம்தான் எனக்கு உச்சமாகப் பிடிக்கும் என்று அந்தப் படம் சொல்கிறது. மலையேற்றப் புத்தகம் நடுவில்தான் விழுந்தது. பயணம் உண்டு, அறிவியல் உண்டு, தனிமனிதக் கதையும் உண்டு. 60 பக்கத்தில் மூடிவைத்தேனே!

நூலக எண் முறையையும் ஒரு மாலை முழுக்க முயன்றேன். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பத்துப் பெரும்பிரிவில் என் 9 புத்தகங்களும் ஐந்து வெவ்வேறு அலமாரிகளுக்குப் போய்விட்டன. ஒரு நூலுக்கு ஓர் இடம் என்பது அலமாரிக்குத் தேவையான ஒழுங்கு, அதைக் குறை சொல்ல முடியாது. நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டபோது, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துச் சேர்க்கலாம் என்று வழிகாட்டினார். ஒரு புத்தகத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்ற அந்த எண்ணம் என்னோடு தங்கிவிட்டது. பின்னால் அது உதவியது.

ரயில் பாதை

மூன்றாவது படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அவ்வளவு பிடித்துப்போனது. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் 1931இல் வரைந்து, 1933இல் பயணிகள் கைக்கு வந்த படத்தின் பாணி. பெக் மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். தரைக்கு அடியில் போகிற பயணிக்கு நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்பது தேவையில்லை, அடுத்து எந்த நிலையம், எங்கே மாறுவது என்பது தெரிந்தால் போதும் என்று முடிவு செய்து, தூரத்தையும் திசையையும் துணிந்து விட்டுவிட்டார். எதை வரைவது என்பதைவிட எதை விடுவது என்பதில் ஒருவர் காட்டிய தெளிவு அது. இன்று உலகத்தின் பல ஊர் மெட்ரோ படங்களில் அவர் கைவண்ணம் தெரியும்.

என் படத்தில் ஒவ்வொரு புத்தகமும் ஒரு நிலையம். ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பு இன்னொன்றுக்கு இழுத்துப் போயிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. துருவப் பயணத்திலிருந்து கடல்வழி கண்டறிதலுக்கு, அங்கிருந்து கடிகாரத்துக்கு, கடிகாரத்திலிருந்து வானியலுக்கு என்று நீலக் கோடு ஒன்று போனது. ஒரு நாவலில் வந்த தபால்காரர் வழியாகக் கடிதத் தொகுப்புகளுக்குப் பச்சைக் கோடு. இரண்டும் ஒரே ஒரு இடத்தில் சந்தித்தன, அந்த இடத்தில் இரண்டு விரல் அளவுக்குப் பெரிய வட்டம் போட்டேன். வரைந்து முடித்தபோது, நான்கு வருடத்தில் எந்த வழியாக எங்கே வந்து நிற்கிறேன் என்பதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அது பெரிய சந்தோஷம்.

தோழி அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நீ எப்படி வந்தேன்னு புரியுது. நீ எங்க இறங்கி இருந்தேன்னு இதுல எங்க இருக்கு?" என்றாள். எல்லா நிலையமும் ஒரே அளவுப் புள்ளி. மூன்று நாளில் கடந்துபோன புத்தகமும், ஆறு முறை திரும்பிப் போன புத்தகமும் அந்தப் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

உயரம்

அப்போதுதான் டிக்குகளை உயரமாக எண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் வானியலாளர் நெவில் மாஸ்கெலைன் ஒரு சோதனை நடத்தினார். தொங்கும் குண்டுநூலை மலை தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிடுவதுதான் நோக்கம். அதற்கு மலையின் வடிவமும் கன அளவும் தெரிய வேண்டும். கணக்கு, கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன் கைக்கு வந்தது. அவர் முன்னால் இருந்த தாளில் மலை இல்லை, எண்கள் இருந்தன. இந்த இடத்தில் இத்தனை உயரம், அந்த இடத்தில் அத்தனை என்று ஏராளமான எண்கள். ஒரே உயரம் கொண்ட புள்ளிகளை மெல்லிய பென்சில் கோட்டால் அவர் இணைத்துக்கொண்டே போனபோது, எண் குவியலுக்குள்ளிருந்து மலை எழுந்து வந்தது. கடலின் ஆழத்தைக் காட்ட அதற்கு முன்பே இப்படிக் கோடு போட்டவர்கள் உண்டு, ஆனால் குழப்பமான தாளிலிருந்து ஒரு மலை எழும் அந்தக் காட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பூகோளப் பாடத்தில் நாம் போட்ட சமஉயரக் கோடுகள் இவைதான்.

என்னிடமும் எண்கள் இருந்தன. ஒரு கிராஃப் ஷீட் எடுத்தேன். இடது ஓரம் தனி மனிதர், வலது ஓரம் பெருங்கூட்டம். கீழே உண்மையில் நடந்தவை, மேலே கற்பனை. இந்த இரண்டு அச்சுகளை முடிவு செய்யவே இரண்டு வாரம் ஆனது. முதலில் எளிமை–கடினம் என்று வைத்தேன், எல்லாம் நடுவில் போய்க் குவிந்தது. பழையது–புதியது என்று வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம்தான் இப்போதுள்ளதற்கு வந்தேன். 143 புத்தகத்துக்கும் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் டிக் எண்ணிக்கை. படித்து முடித்துத் திரும்பாதவை 0. பாதியில் வைத்தவை –1. ஒரே எண் உள்ளவற்றைக் கோட்டால் சுற்றினேன், 2பி பென்சில், அழிக்க வசதியாக மெல்லிசாக.

ஒரு சிக்கல் உடனே வந்தது. நான்கு வருடத்துக்கு முன் படித்ததற்கு டிக் வாங்க நான்கு வருடம் கிடைத்திருக்கிறது, போன மாதம் படித்ததற்கு ஒரு மாதம்தான். புதுப் புத்தகங்கள் எல்லாம் இயல்பாகவே தாழ்வாகத் தெரியும். சரியான அளவு தெரியாத இடத்தில் நிலப்படக்காரர்கள் விட்டுவிட்டுப் போகும் கோடு போடுவார்கள். அதையே செய்தேன்: ஒரு வருடத்துக்குள் படித்தவற்றைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டுப் போகும் கோடு, "இன்னும் அளந்து முடியவில்லை" என்று அர்த்தம்.

கோடுகளை இணைத்துக்கொண்டே வந்தபோது படம் நான் நினைத்தபடி வரவில்லை. மேலே வலது பக்கம், கற்பனையும் கூட்டமும் சேரும் இடம், பெரிய குடும்ப நாவல்களின் இடம், அங்கே ஒரு நீண்ட பீடபூமி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெறும் சமவெளி. நிறைய புள்ளிகள், எல்லாம் 0 அல்லது 1. கீழே வலது பக்கம், போர்களும் அரசுகளும் உள்ள இடம், அதைவிடத் தட்டை. கீழே இடது மூலையில்தான் ஒரு குன்று நின்றது, செங்குத்தாக, உச்சியில் 6 என்ற எண்ணோடு. மேலே இடது பக்கம் இன்னொரு சின்னக் குன்று, உயரம் 4. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணவாய்.

செங்குத்து

பெரிய குன்றின் கிழக்குச் சரிவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பென்சில் நுனி நுழைய இடமில்லாமல் நெருங்கின. கோடு நெருங்கினால் செங்குத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே உயரம் 4 உள்ள ஒரு புத்தகமும் –1 உள்ள ஒரு புத்தகமும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தன. அந்த –1க்கு, நிலப்படத்தில் பள்ளத்துக்குப் போடுவதுபோல, கோட்டின் உள்பக்கமாகக் குட்டிக் கோடுகள் போட்டேன். அச்சுகளைத் தப்பாக வைத்துவிட்டேனோ என்றுதான் முதலில் சந்தேகம் வந்தது. ஏனென்றால் அந்த இரண்டு புத்தகங்களும் ஒரே மனிதரைப் பற்றியவை.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். 1761இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்த்து அளக்கப் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். போய்ச் சேர்வதற்குள் போரில் அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கோள் கடக்கும் நாளில் அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார், பார்க்க முடிந்தது, அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769இல். எட்டு வருடம்தானே என்று ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். தீவுகளை அளந்தார், காற்றையும் அலைகளையும் குறித்தார், புதுச்சேரிக்கு வந்து உள்ளூர்க்காரரிடம் வானியல் கணக்குமுறையைக் கேட்டுக் கற்றார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. 1771இல் வீடு போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

முதல் புத்தகம் இதை எழுதிய விதத்தில் எட்டு வருடம்தான் பெரும் பகுதி. அலையின் உயரம், ஒரு தீவின் கரையோரம், கருவியைத் துடைத்து வைப்பது, கணக்கைச் சரிபார்ப்பது. மேகம் மூடிய காலைக்கு இரண்டே பக்கம். நான்கு முறை அதற்குத் திரும்பிப் போயிருக்கிறேன், நான்கு முறையும் அந்த எட்டு வருடத்துக்குத்தான். இரண்டாவது புத்தகம் அந்தக் காலையிலேயே தொடங்கி, ஐயோ எப்பேர்ப்பட்ட விதி என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் அங்கேயே திரும்பி வந்தது. நன்றாக எழுதப்பட்ட புத்தகம்தான். என்னால் முடியவில்லை.

ஆள் ஒன்று, ஆண்டு ஒன்று, கருவி ஒன்று. அப்புறம் எது வேறு?

இதற்கு விடை சங்கப் பாடல்களின் திணை மரபிலிருந்து கிடைத்தது. அது வெறும் இலக்கணம் என்று நான் பள்ளியிலேயே மூடிவைத்த விஷயம், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரு பாட்டை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பார்க்கச் சொல்கிறது அந்த மரபு. முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்தில் உள்ள மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம். உரி என்பது அந்தப் பாட்டின் உயிர், அங்கே மனிதருக்குள் நடப்பது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். மூன்றில் உரிதான் தலையானது. மனநிலையை நிலமாக வரைந்து காட்டுவதை ஈராயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மொழியில் செய்து வைத்திருக்கிறார்கள், நான் எட்டு மாதமாகக் கிராஃப் ஷீட்டில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். காதலுக்கென்று வகுத்ததைப் புத்தகத்துக்கு இழுக்கிறோமே என்ற தயக்கம் இருந்தது, ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

லெ ஜென்டில் பற்றிய முதல் புத்தகம் இருத்தல். வரும் என்று நம்பி, கையிலுள்ள வேலையைச் செய்துகொண்டு ஆற்றியிருப்பது. இரண்டாவது இரங்கல். பக்கத்து வீடுதான் இரண்டும், காத்திருப்பதுதான் இரண்டிலும், ஆனால் நடுவில் அவ்வளவு செங்குத்தான சரிவு.

உடனே மற்ற எட்டையும் எடுத்து இந்தக் கண்ணால் பார்த்தேன். அண்டார்டிகாவையே எடுத்துக்கொள்ளலாம். 1915 ஜனவரியில் துருவப் பயணி ஷாக்கில்டனின் கப்பல் பனியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. ஆட்கள் 28 பேரும் 1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவில் ஒதுங்கினார்கள், அங்கிருந்து ஆறு பேர் ஏறத்தாழ 7 மீட்டர் நீளப் படகில் உதவி தேடிக் கிளம்பினார்கள். அந்தப் படகுப் பயணம்தான் எல்லோரும் சொல்லும் சாகசம். என் டிக்குகள் எல்லாம் தீவில் தங்கிய 22 பேர் மீது விழுந்திருந்தன. கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில், ஆகஸ்ட் 30 வரைக்கும், நான்கு மாதத்துக்கு மேல். பொறுப்பில் இருந்த ஃப்ராங்க் வைல்ட், தலைவர் இன்றைக்கு வந்தாலும் வருவார் என்று சொல்லிப் படுக்கையைச் சுருட்டித் தயாராக வைக்கச் சொல்வாராம். அந்தச் சுருட்டிய படுக்கைக்காகத்தான் அந்தக் கதைக்கு நான் ஓடுகிறேன். பனி எனக்கு ஒரு பொருட்டே இல்லை, அது கருப்பொருள். தோழிக்கு நான் விலாசமாகக் கொடுத்ததும் அந்தப் பனியைத்தான்.

9இல் 7 இருத்தல். மேலே இருந்த சின்னக் குன்றில் உள்ள இரண்டு நாவல்களும்கூட அதே. மீதி இரண்டு புத்தகங்கள் எந்தத் திணைக்கும் அடங்கவில்லை, அவற்றை அடக்கவும் நான் முயலவில்லை. பாதியில் வைத்த 22இல் எத்தனை இரங்கல் என்று பார்த்தேன், சரிபாதி, 11.

சோதனை

ஒரு படம் ரசனையைச் சரியாகச் சொல்கிறதா என்பதை வரைந்தவரே முடிவு செய்யக்கூடாது என்பது என் கருத்து. வரைந்தவருக்கு எல்லாப் படமும் உண்மையாகத்தான் தெரியும், வட்டத்தை வரைந்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேனே. அதனால் கிராஃப் ஷீட்டை அப்படியே தோழியிடம் கொடுத்து மூன்றே குறிப்புகள் சொன்னேன். உயரம் என்றால் திரும்பிப் போனது, பள்ளம் என்றால் பாதியில் வைத்தது, கோடு நெருங்கும் இடத்தைக் கவனமாகப் பார். திணை விஷயத்தை வேண்டுமென்றே சொல்லவில்லை. புள்ளிகளுக்குப் பக்கத்தில் தலைப்புகள் இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு வாரம் வைத்திருந்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "ரெண்டு குன்றுக்கும் நடுவுல இருக்கற கணவாய்ல ஒரே ஒரு புத்தகம் இருக்கே, அது என்ன?" அது ஒரு கடிதத் தொகுப்பு, உண்மையா கற்பனையா என்று படிக்கிறவருக்கே தெரியாதபடி எழுதப்பட்டது. பதில் எழுதும் ஆள் கடைசிவரை வருவதில்லை, எழுதுகிறவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்புவதும் இல்லை. அவ்வளவையும் சொன்னேன். "ம்ம்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் கொண்டுவந்த மூன்றாவது புத்தகத்தின் அட்டையில் கோதுமைக் கதிர் இருந்தது. தாவரவியல். என் நோட்டில் தாவரவியல் என்று ஒரு வரிகூடக் கிடையாது. உள்ளே இருந்தது இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரை ஜெர்மன் படைகள் வளைத்த முற்றுகை, 1941 செப்டம்பரில் தொடங்கி 1944 ஜனவரி வரை 872 நாட்கள். தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ் உலகமெல்லாம் சுற்றித் திரட்டிய விதைகள் அந்த நகரத்தில் இருந்தன. அவர் 1940இலேயே கைதாகி 1943இல் சிறையில் இறந்துபோனார். விதைகளைப் பார்த்துக்கொள்ள அவருடைய சக ஊழியர்கள் மட்டும் இருந்தார்கள். நகரமே பட்டினியில் சாகும்போது, சுற்றிலும் தானியம் இருக்க, அதைத் தொடாமல் காத்து, அவர்களில் பலர் பசியால் இறந்தார்கள். முற்றுகை முடிந்தபின் யாரோ விதைப்பார்கள் என்று.

இரண்டு இரவில் முடித்தேன். மூன்றாம் நாள், எலி வராமல் விதைப் பெட்டிகளைப் பாதுகாக்கும் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன்.

எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். திணை எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. "உயரமா இருக்கற எல்லாத்துலயும் யாரோ எதையோ பத்திரமா வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பள்ளத்துல எல்லாம் அழறாங்க" என்றாள். நான் முதல், கரு, உரி என்று சுற்றி வந்து சேர்ந்த இடத்துக்கு, செங்குத்துச் சரிவை மட்டும் பார்த்துக்கொண்டே அவள் வந்துவிட்டாள். எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை.

நிற்காத இடங்கள்

இந்தப் படத்தால் முடியாதவையும் உண்டு. கவிதைக்கு இது பொருந்தவே இல்லை. கவிதைத் தொகுப்பை நான் முடிப்பதும் இல்லை, வைத்துவிடுவதும் இல்லை, அது எப்போதும் திறந்தே கிடக்கிறது, அதற்கு டிக் போடும் வழக்கமே எனக்கு இல்லை. ஆகவே படத்தில் கவிதை இருக்கும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அங்கே நிலம் எப்படி இருக்கிறது என்று இந்த அளவுகோலால் சொல்ல முடியாது.

இன்னொன்று, நிலம் அசையாது என்று சமஉயரக் கோடு நம்புகிறது. ரசனை அப்படி இல்லை. பல வருடம் முன் மிகவும் நேசித்த ஒரு புத்தகத்தைப் போன வருடம் திறந்தேன். ஓரம் முழுக்க என் கையெழுத்து, வரிகளுக்குக் கீழே என் பென்சில், ஒரு இடத்தில் ஆச்சரியக்குறி மூன்று. அந்த வரியை நான்கு முறை படித்தேன், எதற்காக மூன்று போட்டேன் என்று பிடிபடவே இல்லை. பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்று சொல்வார்கள் இல்லையா, அதுதான் நடந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தின் கோட்டையும் விட்டுவிட்டுப் போகும் கோடாக மாற்றினேன். மழை பெய்தால் திரும்பவும் முல்லையாகலாம், அழிக்க மனமில்லை.

நீங்களும் வரையலாம் என்றால் என் அச்சுகளை எடுத்துக்கொள்ளாதீர்கள், அவை எனக்கு வாய்த்தவை. ஒன்றை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள்: உங்கள் படத்தில் உயரம் எதைக் குறிக்கிறது. ஆறு, காடு, கடல், வானம் என்று எதை வரைந்தாலும் சரி, "என் வாசிப்பு ஒரு கடல்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கடலில் ஆழம் எது, அலை எது, கரை எது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் இன்னொருவர் அதில் இறங்க முடியாது. அப்புறம் பாதியில் வைத்தவற்றை மறைக்காதீர்கள். என் 22ஐ நான் மறைத்திருந்தால் அந்தச் சரிவு தெரிந்திருக்காது, குன்று மட்டும் தெரிந்திருக்கும், குன்றை மட்டும் பார்த்தால் மறுபடியும் பனிதான் கண்ணில் பட்டிருக்கும்.

விதைப் புத்தகத்தைப் படத்தில் குறிக்க உட்கார்ந்தபோது கொஞ்சம் திணறினேன். நடந்த கதை, ஆகவே கீழே. ஒரு நகரமே அதில் இருக்கிறது, ஆகவே வலது பக்கம். அது போர்களும் அரசுகளும் உள்ள அந்தத் தட்டைச் சமவெளி, கடற்போர் வரலாறு –1 என்று கிடக்கும் அதே பக்கம். ஒற்றைப் புள்ளி வைத்து, பக்கத்தில் 1 என்று எழுதினேன். தனிப் புள்ளியைச் சுற்றிக் கோடு போட முடியாது, அக்கம்பக்கத்தில் இன்னும் சில உயரங்கள் தெரிந்தால்தான் அது மேடா, வெறும் கல்லா என்று சொல்ல முடியும். தோழியிடம் காட்டினேன். அந்தப் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் நான்கு சின்ன வட்டங்களை, உள்ளே எண் இல்லாமல், வரைந்து கொடுத்தாள். நாலும் அவள் எடுக்கிறாளாம்.